நடைபாதைச் சங்கம் – 6: பத்து ரூபாய்ப் பங்குதாரர்கள்

சென்ற வாரம் 1972 ஏப்ரலில் நிறுத்தியிருந்தோம். தலைச்சுமைக்காரப் பெண்கள், கைவண்டி இழுப்பவர்கள், பழைய துணி விற்பவர்கள், வீட்டிலிருந்து தைத்துக் கொடுப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து தொடங்கிய சங்கத்தைப் பதிவு செய்ய முடியாது என்று தொழிலாளர் துறை கையை விரித்தது. முதலாளியே இல்லாதவர்களுக்கு எதற்குத் தொழிற்சங்கம், யாரை எதிர்த்துப் போராடுவீர்கள் என்பது அதிகாரிகளின் கேள்வி.

யாரையாவது எதிர்ப்பதற்கு மட்டும்தானா சங்கம், ஒருவருக்கொருவர் துணை நிற்பதற்கும்தானே என்று சங்கத்தின் பொதுச்செயலாளர் இலா பட் பதில் சொன்னார். 1971 டிசம்பரில் பிறந்த சங்கம், வாதாடி வாதாடி, 1972 ஏப்ரல் 12ஆம் தேதி சட்டப்படியான தொழிற்சங்கமானது. அகமதாபாத் முழுவதும் அதை ‘சேவா’ என்று கூப்பிடத் தொடங்கியது.

சங்கம் கிடைத்துவிட்டது. ஆனால் உறுப்பினர்கள் வந்து கேட்டதில் பாதிக்கு மேல் சங்கத்தின் சட்டப் புத்தகத்தில் இல்லாத விஷயம். அவர்கள் கடன் கேட்டார்கள்.

காலையில் 50, மாலையில் 55

மாணெக் சௌக்கில் காய்கறிக் கூடை வைத்திருக்கும் ஒரு பெண்ணின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். விடியும் முன் மொத்த மார்க்கெட்டுக்குப் போகக் கையில் காசு வேண்டும். வட்டிக்காரரிடம் 50 ரூபாய் வாங்குகிறாள். பொழுது சாய்ந்ததும் 55 ரூபாயாகத் திருப்பிக் கொடுக்கிறாள். மறுநாள் விடியற்காலையில் மறுபடி அதே ஆளிடம் போய் நிற்கிறாள்.

ஒரு நாளைக்குப் பத்து விழுக்காடு வட்டி. கோயம்பேட்டிலோ மதுரை மாட்டுத்தாவணியிலோ காய் விற்பவர்களிடம் இதை விளக்கவே வேண்டாம். தண்டல், மீட்டர் வட்டி என்று நம் ஊரிலும் இதற்குப் பெயர்கள் உண்டு. பத்து நாள் கட்டிய வட்டியே 50 ரூபாய். அதை எடுத்து வைத்திருந்தால் பதினோராம் நாள் அவள் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. ஆனால் அன்றைய வரவில் வட்டி போக, போலீஸ்காரருக்குக் கொடுத்தது போக, மிச்சமிருப்பது அரிசி, எண்ணெய், விறகுக்கே போதாது.

பழைய துணிப் பெண்களின் கணக்கு வேறு மாதிரி. பெரும்பாலும் வாக்ரி சமூகத்தவர்கள். தலைக் கூடையில் புதுப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு வசதியான தெருக்களில் கூவிக்கொண்டு போவார்கள். பாத்திரத்துக்குப் பழைய புடவை, சட்டை, பேண்ட். வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்து, கிழிசல் தைத்து, பொத்தான் மாற்றி, இஸ்திரி போட்டு, எல்லிஸ் பாலத்தின் கீழே சபர்மதிக் கரையில் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்பார்கள். இத்தனை வேலைக்கும் முதல், அந்தக் கூடையிலுள்ள பாத்திரங்கள்தான். அதைக் கடனுக்கு வாங்கினால் கடைக்காரர் சொன்னதே விலை.

கைவண்டிக்காரிக்கு நாள் வாடகை. தையல்காரிக்கு மெஷின் வாடகை. வருடக்கணக்கில் கட்டிய வாடகையைக் கூட்டிப் பார்த்தால் வண்டியே வாங்கியிருக்கலாம், மெஷினே வாங்கியிருக்கலாம்.

கையில் முதல் இல்லை, செய்யும் தொழிலுக்கான கருவி சொந்தமில்லை. சேவாவின் ஆரம்ப நாள் விசாரணைகள் திரும்பத் திரும்ப வந்து நின்ற இடம் இதுதான். மில் தொழிலாளிக்கு என்றால் கூலி உயர்வு கேட்டுப் போராடலாம். தன் கூடையைத் தானே சுமக்கிறவளுக்குக் கூலியை உயர்த்திக் கொடுப்பது யார்?

கவுண்டருக்கு வெளியே

இந்தக் கதை நடக்கும்போது வங்கிகள் தேசியமயமாகி நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1969 ஜூலை 19ஆம் தேதி 14 பெரிய வங்கிகளை இந்திரா காந்தி அரசு எடுத்துக்கொண்டது. விவசாயிக்கும் சிறு வியாபாரிக்கும் ஏழைக்கும் கடன் கொடுங்கள் என்று தில்லியிலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருந்தது.

வங்கி மேலாளர்களுக்கு ஏழைகளைத் தெரியாது. சேவாவுக்கு ஏழைகளை மட்டும்தான் தெரியும். இரண்டையும் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று இலா பட் நினைத்தார். மனுக்களை எழுதிக் கொடுத்து, ஆட்களை அடையாளம் காட்டி, சேவா நடுவில் நின்றது. கடன்களும் கிடைக்கத்தான் செய்தன.

ஆனால் மனு எழுதும் மேசையில் தெரியாத சிக்கல்கள் கவுண்டரில் தெரிந்தன. வங்கி திறந்திருக்கும் நேரம்தான் வியாபார நேரம். கடன் கட்ட வந்தால் அன்றைய விற்பனை போய்விடும். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. வியர்வையும் அழுக்கும் படிந்த புடவை. வரிசை தெரியாது, படிவம் தெரியாது. ஊழியர்கள் முகம் சுளித்தார்கள். ஓரமாகப் போய் நிற்கச் சொன்னார்கள்.

பெயர்க் குழப்பம் வேறு. ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். ஒருத்தியே ஒரு நாள் அப்பா பெயரைச் சேர்த்துச் சொல்வாள், இன்னொரு நாள் புருஷன் பெயரைச் சேர்த்துச் சொல்வாள். பேரேட்டில் அவள் இரண்டு ஆளாகிவிடுவாள். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. அது யாருடைய ரேகை என்று கவுண்டரில் உட்கார்ந்து யார் பார்ப்பது?

அந்த ஊழியர்களைக் கொடுமைக்காரர்களாக்கிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதச் சம்பளம் வாங்குகிற, ஒரே மாதிரி கையெழுத்துப் போடுகிற, சொத்துப் பத்திரம் வைத்திருக்கிற ஆணுக்காகச் செய்த கவுண்டர் அது. அதன் உயரமே அப்படி. அதன் முன் இந்தப் பெண்கள் வந்து நின்றபோது இரு பக்கமும் தடுமாறியது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. கடன் வாங்க வழி பிறந்ததே தவிர, சேமிக்க வழியில்லை. வீட்டில் காசு வைத்தால் கணவனோ வளர்ந்த மகனோ எடுத்துவிடுவான். நல்ல வியாபாரம் நடந்த நாளின் பணமும் கெட்ட நாள் வரை தங்காது. கெட்ட நாள் வந்ததும் பழைய வட்டிக்காரரே கதி.

கொந்தளித்த குளிர்காலம்

1973 டிசம்பர். அகமதாபாத் எல்.டி. பொறியியல் கல்லூரி விடுதியில் சாப்பாட்டுக் கட்டணத்தை உயர்த்தினார்கள். மாணவர்கள் கிளம்பினார்கள். விடுதிச் சாப்பாட்டில் தொடங்கிய கோபம் எண்ணெய் விலை, தானிய விலை, பதுக்கல், ஊழல் என்று பரவி, சில வாரங்களில் குஜராத் முழுவதையும் பிடித்துக்கொண்டது. நவநிர்மாண் இயக்கம் என்று வரலாறு அதைச் சொல்கிறது. கடையடைப்பு, ஊரடங்கு, துப்பாக்கிச் சூடு. 1974 பிப்ரவரி 9ஆம் தேதி முதலமைச்சர் சிமன்பாய் படேல் பதவி விலகினார். மார்ச்சில் சட்டமன்றமே கலைக்கப்பட்டது.

அந்த வரலாற்றில் மாணவர்கள் இருக்கிறார்கள், பேராசிரியர்கள் இருக்கிறார்கள், பின்னாலேயே ஜெயப்பிரகாஷ் நாராயண் வருகிறார். நடைபாதைக் காய்க்காரியை அதில் தேட வேண்டியிருக்கிறது. ஊரடங்கு என்றால் அவளுக்கு வியாபாரம் இல்லை. வட்டிக்கு ஊரடங்கு கிடையாது.

அந்த டிசம்பரில்தான் சேவா உறுப்பினர்கள் கூட்டம் ஒன்று கூடியது. வழக்கமான புகார்கள். வங்கியில் உட்காரச் சொல்வதில்லை; நாளைக்கு வா என்கிறார்கள்; பணத்தோடு போனால் மூடிவிட்டது என்கிறார்கள்.

அப்போது பழைய துணி விற்கும் ஒரு பெண் எழுந்து, நமக்கென்று சொந்தமாக ஒரு வங்கி ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டார்.

இலா பட் திகைத்தார். வக்கீல் குடும்பத்துப் பெண், தானும் சட்டம் படித்தவர். வங்கிக்கு மூலதனம் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நம்மிடம் ஏது பணம், நாம் ஏழைகளாயிற்றே என்று சொல்லிப் பார்த்தார். ஏழைகள்தான், ஆனால் நாம் இத்தனை பேர் இருக்கிறோமே என்று கூட்டத்திலிருந்து பதில் வந்தது. 2006இல் இலா பட் எழுதிய புத்தகத்துக்கு அந்தப் பதில்தான் தலைப்பானது.

இந்தத் தருணத்தைச் சொல்கிறவர்கள் பலரும் அந்தப் பெண்ணின் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். கேள்வியைக் கேட்டவுடன் பிடித்துக்கொள்ள இலா பட் தயாராக இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1971இல் அவர் மூன்று மாதம் இஸ்ரேலில் தொழிற்சங்கமும் கூட்டுறவும் படித்துவிட்டு வந்திருந்தார். அங்கே ஒரே தொழிலாளர் அமைப்பு சங்கமாகவும் இருந்தது, கூட்டுறவு நிறுவனங்களையும் நடத்தியது, வங்கியும் வைத்திருந்தது. உரிமை கேட்கச் சங்கம், பிழைக்கக் கூட்டுறவு. இரண்டும் ஒரே ஆட்களின் கையில் இருக்கலாம் என்ற எண்ணம் மனத்தில் கிடந்தது. கூட்டத்துப் பெண் கேட்ட கேள்வி அதைத் தட்டி எழுப்பியது.

பேனா பிடித்த இரவு

ஒரு பங்கின் விலை 10 ரூபாய். 1974இல் ஒரு தலைச்சுமைக்காரிக்கு அது சில நாள் கூலி. 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டார்கள்.

பணம் சேர்ந்தது. அடுத்த வாசல், கூட்டுறவுச் சங்கப் பதிவாளர் அலுவலகம்.

பதிவாளர் தரப்பின் தயக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வங்கி நடத்துவதா? ஈடு கொடுக்க எதுவுமில்லாதவர்களுக்குக் கடன் கொடுத்தால் திரும்பி வருமா? மூழ்கிவிட்டால் யார் பொறுப்பு? கேள்விகள் அடுக்கடுக்காக வந்தன. கடைசியில் ஒரு கேள்வி மலை போல நின்றது. விண்ணப்பத்தில் அமைப்பாளர்களாக வரும் பெண்களுக்குக் கையெழுத்தே போடத் தெரியாதே?

மொத்தம் 15 பேர். இரவு முழுவதும் உட்கார்ந்தார்கள்.

பேனா பிடித்தறியாத கைகள். இருபது கிலோ கூடையை ஒரே வீச்சில் தலையில் ஏற்றும் கைக்கு ஓர் எழுத்தின் வளைவு பிடிபடவில்லை. கையெழுத்து என்றால் ஒரு தடவை சரியாக எழுதிவிட்டால் போதாது; ஒவ்வொரு தாளிலும் ஒரே மாதிரி வர வேண்டும். பதிவாளர் முன்னிலையில் கை நடுங்கி ஓர் எழுத்து பிசகினால் இத்தனை நாள் அலைந்தது வீண். விடிய விடியத் தம் பெயரையே எழுதி எழுதிப் பார்த்தார்கள்.

மறுநாள் பதினைந்து பேரும் பிசகாமல் கையெழுத்துப் போட்டார்கள்.

1974 மே 20ஆம் தேதி, ஸ்ரீ மகிளா சேவா சகாகாரி பேங்க் லிமிடெட் பதிவானது. வங்காளதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் தம் கடன் பரிசோதனையைத் தொடங்கியது 1976இல். கிராமீன் வங்கி பிறந்தது 1983இல். ஏழைப் பெண்களுக்கான வங்கி என்றதும் உலகம் டாக்காவைத்தான் நினைக்கிறது. அகமதாபாத் அதற்கு முந்தியது.

சிலேட்டுப் படம்

பதிவு செய்வதற்குக் கையெழுத்துப் போதும். தினசரி நடப்புக்கு? ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஒரே இரவில் எழுதச் சொல்லிக் கொடுக்க முடியாது.

சேவா வங்கி போட்டோவைப் பிடித்துக்கொண்டது. கணக்குத் தொடங்கும் பெண் கையில் ஒரு சிலேட்டு. அதில் சாக்குக் கட்டியால் கணக்கு எண். அப்படியே ஒரு படம். கவுண்டரில் இருப்பவர் படத்தைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், எண்ணைப் பார்ப்பார். அப்பா பெயரா, புருஷன் பெயரா என்ற பேச்சே இல்லை. எத்தனையோ பெண்களுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் போட்டோ.

தேசிய வங்கிகளால் இதைச் செய்திருக்க முடியாதா? முடியும். யோசிக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

முதல் இரண்டு வருடம் வங்கி அகலக்கால் வைக்கவில்லை. சேமிப்பைத் திரட்டியது, கடனுக்கு மட்டும் பழையபடி தேசிய வங்கிகளிடம் அழைத்துப் போனது. 1976லிருந்துதான் தன் சொந்தப் பணத்தில் கடன் கொடுக்கத் தொடங்கியது. வட்டிக்காரரிடம் அடகில் கிடந்த நகையை மீட்கக் கடன் கொடுத்து, அந்த நகையைத் தன்னிடமே ஈடாக வைத்துக்கொண்டது. கடனை அடைத்ததும் நகை அவளிடம். வாங்கும் வண்டியோ மெஷினோ அவள் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பதில் வங்கி பிடிவாதம் காட்டியது.

இந்தப் பிடிவாதத்தை வீட்டு ஆண்கள் எல்லாரும் ரசித்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. வீட்டில் பாஸ்புக் கண்ணில் பட்டால் வம்பு என்று வங்கியிலேயே அதை விட்டுவிட்டுப் போன பெண்கள் இருந்தார்கள். சேமிப்பு அவளுடையதுதான்; அதை வீட்டுக்குள் கொண்டுபோகும் துணிச்சல் இன்னும் வரவில்லை. பெண்கள் கைக்குப் பணம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக மாறும் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்தப் பாஸ்புக்குகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

திரும்பி வராத கடன்

ஏழைப் பெண்கள் கடனைத் திருப்பிக் கட்ட மாட்டார்கள் என்று சொன்னவர்களுக்கு வங்கி தன் பேரேட்டையே பதிலாகக் காட்டியது. கொடுத்த கடனில் 90 விழுக்காட்டுக்கு மேல் திரும்பி வந்தது.

மீதி ஏன் வரவில்லை? வேறு வங்கியாக இருந்தால் நோட்டீஸ் போயிருக்கும். சேவா ஆட்களை அனுப்பியது. வங்கியின் தொடக்க நாட்களில், சேவா வழியாகக் கடன் வாங்கித் தவணை சரியாகக் கட்டாத 500 பெண்களின் வீடுகளுக்குப் போய் என்ன நடந்தது என்று விசாரித்தார்கள்.

அந்த 500 பேரில் 20 பேர் உயிரோடு இல்லை. அவர்களில் 15 பேர் பிரசவத்தில் இறந்திருந்தார்கள்.

கடன் வாங்கி, கூடை நிரப்பி, வயிற்றுப் பிள்ளையோடு கடைசி நாள் வரை தெருவில் நின்றவர்கள். சம்பளத்தோடு பேறுகால விடுப்பு என்று 1961இலேயே சட்டம் வந்தாயிற்று. மில்லில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அது பொருந்தும். நடைபாதைப் பெண்ணுக்கு விடுப்புக் கொடுக்க முதலாளி ஏது? ஒரு நாள் உட்கார்ந்தால் அன்று அடுப்பு எரியாது.

வங்கியின் திசையை மாற்றியது இந்த விசாரணைதான் என்பது என் எண்ணம். அதுவரை குறை மூலதனத்தில் என்று நினைத்திருந்தார்கள். இப்போது கடனுக்குப் பின்னால் உடம்பு இருக்கிறது, மருத்துவச்சி இருக்கிறாள், சாவு இருக்கிறது என்று தெரிந்தது. 1975இல் மகிளா சேவா டிரஸ்ட் தொடங்கியது. பேறுகால உதவி, விதவையானால் உதவி, இறந்தால் குடும்பத்துக்கு உதவி. பின்னாளில் சேவா கட்டிய சுகாதாரக் கூட்டுறவு, குழந்தைக் காப்பகம், காப்பீடு எல்லாவற்றுக்கும் விதை இங்கே இருக்கிறது.

1977இல் இலா பட்டுக்கு மகசேசே விருது கிடைத்தது. 1978இல் சென்னையில் ஜெயா அருணாசலம் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். அங்கேயும் முதலில் தேசிய வங்கிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, பிறகு தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் என்ற முடிவுக்கே வந்தார்கள். அது தனிக் கதை. இந்தத் தொடரில் அதற்கும் இடம் உண்டு.

யாருடைய கூரை?

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த வங்கி ஏழைப் பெண்கள் தாங்களாகவே நிறுத்திய அதிசயம் என்று எழுதிவிட்டுப் போனால் பொய்யாகிவிடும்.

பங்குப் பணம் அவர்களுடையது. கையெழுத்து அவர்களுடையது. ஆனால் சேவா உட்கார்ந்திருந்தது மஜூர் மகாஜன் சங்கத்தின் கூரையின் கீழ். காந்தியும் அனசூயா சாராபாயும் ஊன்றி வளர்த்த ஆலைத் தொழிலாளர் சங்கம் அது. 1920லிருந்து அகமதாபாத்தில் அதன் பேச்சுக்குத் தனி எடை. அதிகாரிகள் கதவைத் திறந்ததற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம். சேவாவின் தலைவர் நாற்காலியிலும் மகாஜன் சங்கத்தின் தலைவர் அரவிந்த் புச்தான் இருந்தார். இலா பட் பொதுச்செயலாளர்.

மகாஜன் சங்கத்தின் பெரியவர்கள் மகளிர் பிரிவு என்று நினைத்து அனுமதித்தது தையல் வகுப்பு மாதிரியான ஒன்றை. வளர்ந்து நின்றது வங்கி, டிரஸ்ட், தெருவியாபாரிகள் போராட்டம், வெளிநாட்டு விருது. பெரியவர்களின் பெருமிதத்தில் கசப்பும் கலக்கத் தொடங்கியது. 1970களின் இறுதியில் மகாஜன் சங்கமும் சேவாவும் ஒரே வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத மாமியார் மருமகள் போல இருந்தன.

1981 பிறந்தது. அகமதாபாத் பி.ஜே. மருத்துவக் கல்லூரி மாணவர்கள், முதுநிலைப் படிப்பில் தாழ்த்தப்பட்டோருக்கான இட ஒதுக்கீட்டை எதிர்த்துக் கிளம்பினார்கள். போராட்டம் கலவரமானது. தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. மகாஜன் சங்கத்தில் தலித் தொழிலாளர்களும் இருந்தார்கள், எதிர்ப்பக்கத்துச் சாதிகளும் இருந்தன. சங்கம் வாய் திறக்கவில்லை. சேவாவின் உறுப்பினர்களில் கணிசமானவர்கள் தலித் பெண்கள். இலா பட் பிறப்பால் பிராமணர்.

பேசினால் கூரை போகும். பேசாவிட்டால் 10 ரூபாய் போட்ட பெண்களின் முகத்தில் விழிக்க முடியாது. தாய்ச் சங்கம் கைவிட்டால் ஏழே வயதான அந்த வங்கி பிழைக்குமா? இலா பட் என்ன செய்தார்?

(அடுத்த வாரம்: 1981, மே மாதம்)